11 கிலோ கணினியைச் சுமந்தவர்

என் மடிக்கணினிக்கு வயது ஐந்து. உயர்நிலை ஒன்றில் அம்மா வாங்கித் தந்தது. இப்போது நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அதை முடுக்கிவிட்டுப் பல் துலக்கப் போனால், திரும்பி வரும்போதுதான் திரை தயாராக இருக்கும்.

புதியது வாங்கப் பணம் சேர்த்து வைத்திருப்பதாக அம்மா சொன்னார். நானோ, அடுத்த மாதம் இன்னும் நல்ல ரகம் வரும் என்று மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டேன். அந்த நேரத்தில்தான், ஒரு பாடப்பணிக்காகக் கணினிகளின் வரலாற்றைத் தேடியபோது ஆடம் ஆஸ்பர்னை அறிந்தேன். நாம் பையில் போட்டுத் திரியும் மடிக்கணினிக்கு வழிவிட்டவர்களில் அவர் முக்கியமானவர். அவரது இளமைக்காலம் தமிழ்நாட்டில் கழிந்தது என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

ஆடம் 1939ல் பேங்காக்கில் பிறந்தார். தந்தை ஆங்கிலேயர், தாயார் போலந்துக்காரர். இரண்டாம் உலகப் போரின்போது தந்தை ஜப்பானியரின் தடுப்புமுகாமில் அடைபட்டிருக்க, தாயுடன் பிள்ளைகள் திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தை அண்டி வாழ்ந்தனர். கொடைக்கானலிலும் ஆடம் படித்தார். 11 வயதில் இங்கிலாந்து சென்றவர், வேதிப் பொறியியல் பயின்று, அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றார்.

பெரிய எண்ணெய் நிறுவனத்தில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு, கணினிகளைப் பற்றி எளிய நடையில் நூல்கள் எழுதிப் பதிப்பித்தார். அந்தப் பதிப்பகத்தை 1979ல் விற்றார். அடுத்து, கணினி தயாரிப்பில் இறங்கினார்.

அன்றைய மேசைக் கணினியை இடம் மாற்றுவதே பெரும்பாடு. பெட்டி, திரை, விசைப்பலகை எல்லாம் தனித்தனி. மென்பொருளுக்கும் தனியே பணம் கட்ட வேண்டும். லீ ஃபெல்சென்ஸ்டைன் என்ற பொறியாளரின் வடிவமைப்பில், இவை அனைத்தையும் ஒரே பெட்டிக்குள் அடக்கி, 1981 ஏப்ரலில் ‘ஆஸ்பர்ன் 1’ கணினியை ஆடம் அறிமுகப்படுத்தினார். விலை 1,795 அமெரிக்க டாலர். எழுதவும் கணக்குப் போடவும் தேவையான மென்பொருள்கள் அதிலேயே அடக்கம்.

எடை சுமார் 11 கிலோ. திரை வெறும் 5 அங்குலம். உள்ளே மின்கலம் கிடையாது. நினைவகம் 64 கிலோபைட்; 8 கிகாபைட் கொண்ட என் பழைய கணினியில் அதைப்போல் 130,000 மடங்குக்கும் அதிகம். ஆனாலும் விமான இருக்கைக்கு அடியில் அந்தப் பெட்டி அடங்கியது. புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், கடையில் கிடைத்த பாகங்களைக் கொண்டே, வேலைக்குப் போதுமான ஒரு கணினியை அவர் கட்டுப்படியாகும் விலையில் தந்தார். ஒரு கட்டத்தில் மாதத்துக்கு 10,000 கணினிகள் விற்றன.

பிறகு சறுக்கல். 1983ல், அடுத்த ரகம் கடைக்கு வருமுன்னரே அதைப் பற்றிய பேச்சு வெளியே பரவியது. புதியது வரட்டும் என்று வாங்குவோர் காத்திருக்க, பழையது தேங்கியது. 9 அங்குலத் திரையுடன் வந்த கேப்ரோ கணினியும் ஐபிஎம் கணினிகளின் எழுச்சியும் சேர்ந்து நெருக்கின. அவ்வாண்டு செப்டம்பரில் நிறுவனம் நொடித்துப்போனது. இன்றும் வணிகப் பாடத்தில் இதை ‘ஆஸ்பர்ன் விளைவு’ என்கிறார்கள்.

மலிவு விலை மென்பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி அவர் மீண்டும் எழுந்தார். பதிப்புரிமை வழக்கில் அதுவும் வீழ்ந்தது. உடல்நலம் குன்றி 1992ல் இந்தியா திரும்பியவர், சிறுவயதில் படித்த கொடைக்கானலிலேயே 2003 மார்ச்சில் 64 வயதில் காலமானார்.

அவருடைய கதையைப் படித்து முடித்தபோது, அன்று காத்திருந்த வாடிக்கையாளர்களின் வரிசையில் நானும் நிற்பதுபோல் இருந்தது. எனக்கு வேண்டியது கட்டுரை எழுதவும் நிரல் எழுதவும் ஒரு கணினி. அவ்வளவுதான்.

கடந்த சனிக்கிழமை தேக்காவில் சாப்பிட்டுவிட்டு, அம்மாவும் நானும் ரோச்சோர் கால்வாயைக் கடந்து சிம் லிம் ஸ்குவேருக்குப் போனோம். பழைய வன்தட்டைக் கழற்றிவிட்டு, வேகமான எஸ்எஸ்டி தகடு ஒன்றைப் பொருத்திக்கொண்டேன். அம்மா சேர்த்த பணத்தில் பெரும்பகுதி மிச்சம்.

இப்போது பல் துலக்கப் போகும் முன்பே திரை தயாராகிவிடுகிறது.