பொறிகளுக்கு எண்ணெயூட்டிய எலைஜா மெக்காய்

மாடம்பாக்கத்திலிருந்து தாம்பரத்திற்கு மாட்டு வண்டிகள் சென்ற நாட்களில், வைக்கோற்கரியை விளக்கெண்ணெயிற் குழைத்து அச்சிலே மசகிடாமல் வண்டிக்காரர் புறப்படார். மசகு வறண்ட சக்கரம் தன் குறையைத் தானே ஓலமிட்டு அறிவிக்கும். அதனைக் கேட்டு வண்டியை நிறுத்துதலும் எளிது. ஆயின், தாம்பரம் நிலையத்தைக் கடந்து தெற்கே விரைந்த நீராவித் தொடர்வண்டியை அவ்வாறு நினைத்தவிடத்து நிறுத்த இயலுமோ? ஓடுகின்ற பொறி தனக்கு வேண்டும் எண்ணெயைத் தானே எடுத்துக்கொள்ளுதல் வேண்டும். அதற்கு வழிகண்டோருள் ஒருவராகிய எலைஜா மெக்காய் என்பாரின் வரலாற்றை ஈண்டு உரைக்கப் புகுகின்றோம்.

இவர்தம் பெற்றோராகிய ஜார்ஜும் மில்ட்ரெட்டும் அமெரிக்க நாட்டிலே கென்டக்கி மாகாணத்தில் அடிமைகளாயிருந்தவர்கள். மறைவாக உதவிய அன்பர்களின் துணையால் தப்பிக் கனடா நாடு புக்கனர். அங்கே கோல்செஸ்டர் என்னும் ஊரில் 1844ஆம் ஆண்டு எலைஜா பிறந்தார். பின்னர் அக்குடும்பம் மிச்சிகன் மாகாணத்து இப்சிலாண்டி நகரில் குடியேறிற்று. சிறுவர்க்குப் பொறிகளின்மேல் இருந்த பற்றினைக் கண்ட பெற்றோர், பதினைந்தாம் வயதில் அவரை ஸ்காத்லாந்து தேயத்து எடின்பரோ நகருக்குக் கல்வியின்பொருட்டு அனுப்பினர். அடிமைத்தளையினின்று ஓடிவந்த குடியினர் மகனைக் கடல் கடந்து அனுப்பிய துணிவை எண்ணுந்தோறும் நாம் வியக்கின்றோம்.

இயந்திரத் தொழிலில் தேர்ச்சி பெற்று மீண்டவருக்கு ஊரில் காத்திருந்தது ஏமாற்றமே. கருநிறத்தார் ஒருவரைப் பொறியியல் வல்லுநராக அமர்த்த எவரும் முன்வரவில்லை. மிச்சிகன் சென்ட்ரல் இருப்புப்பாதையிலே அடுப்பிற்கு நிலக்கரி இறைக்கும் வேலையும், எஞ்சினின் உறுப்புகளுக்கு எண்ணெயிடும் வேலையுமே அவருக்குக் கிடைத்தன. எடின்பரோவிற் கற்றவர் கையில் மண்வெட்டியும் எண்ணெய்க் குடுவையும்!

அக்குடுவையே அவரது ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று. உலோகத்தின்மேல் உலோகம் உராயுமிடத்து நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் நில்லாதாயின் சூடு மிகும், தேய்வு மிகும், ஈற்றில் உறுப்பு இறுகி நின்றுவிடும். ஆதலின் வண்டியை அடிக்கடி நிறுத்தி எண்ணெயிட வேண்டியிருந்தது. வெளியே தெரியும் அச்சுகளுக்கு இடுதல் எளிது; நீராவி நெருக்கும் உருளைக்குள் இடுதலோ அரிது.

எண்ணெயைத் தெரிந்தெடுத்தலும் எளிய செயலன்று. முற்காலத்தில் உருளைகளுக்கு விலங்குக் கொழுப்பை உருக்கி ஊற்றுவர். ஆவியின் வெம்மையில் அது சிதைந்து புளித்து, அமிலமாகி, இரும்பையே அரிக்கும். மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெயோ அரியாது. ஆயினும் ஈரமான ஆவி அதனைக் கழுவிச் செல்லும். எனவே கனத்த மண்ணெண்ணெய் வகையோடு சிறிது கொழுப்பெண்ணெய் கலப்பது வழக்கமாயிற்று. விரைந்து சுழலும் சிறு தண்டிற்கு நீர்த்த எண்ணெய். மெல்லச் சுழன்று பெரும்பாரம் தாங்கும் அச்சிற்குக் கனத்தது. இதனை மாற்றியிட்டால் இரண்டும் கெடும்.

1872ஆம் ஆண்டில் மெக்காய் தம் முதற் புனைவிற்குக் காப்புரிமை பெற்றார். அஃது எஞ்சினின்மேல் அமர்த்தும் ஓர் எண்ணெய்க் கிண்ணம். உள்ளே ஒரு தண்டும், வால்வும், சிறு பிஸ்டனும் உள. நீராவியின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ள வால்வு திறக்கும். எண்ணெய் உருளைக்குள் இறங்கும். பொறி ஓடும்போதே, ஆள் கைவையாமலே, இது நிகழும். இங்கிலாந்தில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்பார் 1860இலேயே வேறொரு முறையிற் தானே எண்ணெயூட்டும் கருவி செய்திருந்தமையால், இவரே முதல்வர் என்று கூறுதல் பொருந்தாது. எனினும் ஒரு கருவியோடு நில்லாது வாழ்நாள் முழுதும் அதனைத் திருத்தி வந்தமையே இவர்தம் பெருமையென்பது நம் கருத்து.

1882இல் டிட்ராய்ட் நகரிற் குடியேறினார். அவர் பெற்ற காப்புரிமைகள் ஏறத்தாழ 57. பெரும்பாலன எண்ணெயூட்டும் கருவிகளைப் பற்றியன. துணி தேய்க்கும் பலகையும் புல்வெளிக்கு நீர் தூவும் கருவியும் அவற்றுள் அடங்கும். பிற்காலத்து எஞ்சின்களில் ஆவியை மேலும் காய்ச்சிச் செலுத்தினர். அவ்வெம்மையில் எண்ணெய் கருகிற்று. கருகாத காரீயத்தூளை, அஃதாவது பென்சிலில் உள்ள கிராபைட்டை, எண்ணெயோடு கலந்து தடைப்படாமல் ஊட்டும் கருவியை எழுபது வயது கடந்தபின் அமைத்தார். தம் புனைவுகளுள் இதனையே அவர் சிறந்ததாக மதித்தனர் என்பர்.

புகழ் இவ்வாறிருக்க, பொருள் அவரிடம் தங்கவில்லை. முதலின்மையால் பல உரிமைகளைப் பிறருக்கு விற்றார். அக்கருவிகள் அவர் பெயரின்றியே உலவின. தம் பெயரால் ஒரு தொழிற்சாலை தொடங்கியது 1920இல், முதுமையிலேயே ஆகும். கலப்பற்ற உண்மைப் பொருளை ஆங்கிலத்தில் மெக்காய் என்று சுட்டும் வழக்கு இவரால் வந்ததென்று பலர் கூறுவர். அதனை ஒத்த தொடர் 1856இலேயே ஸ்காத்லாந்தில் வழங்கிற்றாதலின், பன்னிரண்டு வயதுச் சிறுவரை அதற்குக் காரணராக்குதல் இயலாது. நற்பெயர் பெற இவருக்கு இக்கதை வேண்டுவதுமில்லை.

1922இல் நேர்ந்த மோட்டார் விபத்தில் அவரும் மனைவி மேரியும் காயமுற்றனர். மேரி அதினின்று தேறவில்லை. அவரும் பழைய வலிமையை மீளப் பெற்றாரல்லர். 1929ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் 85ஆம் வயதில், ஆதரவற்றோர்க்கான ஒரு மருத்துவ விடுதியில் காலமானார். அமெரிக்க அரசின் காப்புரிமை அலுவலகம் தலைநகர்ப் பகுதிக்கு வெளியே தன் முதற் கிளையை 2012இல் டிட்ராய்ட் நகரில் திறந்தபோது, அதற்கு எலைஜா மெக்காயின் பெயரையே சூட்டிற்று.