ஒளியை மறைத்து உலகங்களைக் காட்டியவர்

இரவில் சாலையோரம் நடந்து செல்கிறோம். எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. அதன் விளக்கு கண்ணைக் கூச வைக்கிறது. ஓட்டி வருபவர் தெரிந்தவரா, தெரியாதவரா என்று புரியவில்லை. உடனே உள்ளங்கையை உயர்த்தி அந்த விளக்கை மறைத்துக்கொண்டு பார்க்கிறோம்.

வேறு விண்மீன்களைச் சுற்றிவரும் கோள்களைப் படம் பிடிக்க முயலும் அறிஞர்களுக்கும் இதே சிக்கல்தான். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வியாழனின் ஒளி, சூரிய ஒளியில் ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்கு. நமது பூமியின் ஒளியோ ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. விளையாட்டரங்கின் பெருவிளக்கை ஒட்டிப் பறக்கும் மின்மினியைப் பல மைல்களுக்கு அப்பாலிருந்து தேடுவதற்கு இதனை ஒப்பிடலாம். அந்தப் பெருவிளக்கை மறைக்கும் கலையை வானியலுக்குக் கற்றுத் தந்தவர் பெர்னார் லியோ எனும் பிரெஞ்சு அறிஞர். வியப்பு என்னவென்றால், அவர் கோள்களைத் தேடி அக்கருவியைச் செய்யவில்லை.

இளமையும் கல்வியும்

லியோ 1897ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பதினேழு வயதளவில் வானியல் ஆர்வம் அவரைப் பற்றிக்கொண்டது. சிறிய தொலைநோக்கி ஒன்றை வாங்கி வானத்தைப் பார்க்கத் தொடங்கினார். ஆயினும் அவர் முறையாகப் பயின்றது மின்பொறியியல். 1918இல் பட்டம் பெற்ற பின்னர் ஒரு கல்லூரியில் செய்முறை விளக்குநராகப் பணியாற்றினார். 1920 முதல் பாரிஸுக்கு அருகேயுள்ள மெதோன் வானாய்வகத்தில் சேர்ந்து, இறுதி வரை அங்கேயே உழைத்தார்.

கோள்களும் நிலவும் எதிரொளிக்கும் ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்பதே அவருடைய முதல் ஆய்வு. ஒளியின் முனைவாக்கம் என்று இதனை இயற்பியல் மாணவர்கள் அறிவர். ஆயிரத்தில் ஒரு பங்கு மாறுபாட்டையும் அளக்கவல்ல கருவி ஒன்றைத் தாமே செய்தார். நிலவின் தரை எரிமலைச் சாம்பலைப் போன்ற தூளால் மூடப்பட்டிருக்க வேண்டும் என்று அதனைக் கொண்டு காட்டினார். 1929இல் அந்த ஆய்வேடு வெளிவந்தது. பெரிய ஒளிக்குள் ஒளிந்திருக்கும் சிறிய ஒளியைப் பிரித்தெடுக்கும் பயிற்சி அவருக்கு இங்குதான் வாய்த்தது.

கிரகணத்திற்குக் காத்திராமல்

சூரியனைச் சுற்றி மங்கலாகப் படர்ந்திருக்கும் வெளி மண்டலத்தைக் கொரோனா என்கிறோம். அதன் ஒளி சூரிய வட்டின் ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே. அக்காலத்தில் முழுச் சூரிய கிரகணத்தின்போது மட்டுமே அதனைக் காண முடிந்தது. அதுவும் சில நிமிடங்களுக்குத்தான். மிக நீண்ட கிரகணம்கூட எட்டு நிமிடத்தை எட்டாது. கப்பலேறித் தொலைதூரம் சென்று காத்திருக்கும் குழுவின் உழைப்பு ஒரு மேகத்தால் வீணாகிவிடும்.

கிரகணம் இல்லாமல் கொரோனாவைக் காணப் பலர் முயன்றனர். அமெரிக்க அறிஞர் ஹேல் 1893இல் பைக்ஸ் மலையிலும், 1894இல் எட்னா எரிமலையிலும் முயன்று தோற்றார். இது ஆகாத காரியம் என்ற எண்ணம் பரவியிருந்தது.

லியோ வேறு விதமாகச் சிந்தித்தார். கொரோனாவை மறைக்கும் கூச்ச ஒளி எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார். காற்றிலுள்ள தூசி ஒன்று. அதற்காக 2,877 மீட்டர் உயரமுள்ள பீக் து மிதி மலையுச்சி வானாய்வகத்திற்குச் சென்றார். பிரனீஸ் மலைத்தொடரில் உள்ள அவ்விடத்திற்கு அப்போது கேபிள் கார் கிடையாது. அடுத்தது கண்ணாடி. குமிழியோ கீறலோ இல்லாத ஒற்றை வில்லையைத் தேர்ந்து, மிக நுணுக்கமாக மெருகேற்றினார். சூரியனின் பிம்பம் விழும் இடத்தில் வட்டத் தட்டு ஒன்றை வைத்து அதனை மறைத்தார். செயற்கைக் கிரகணம் உருவாயிற்று.

ஆனால் அதுவும் போதவில்லை. வில்லையின் விளிம்பில் பட்ட ஒளி வளைந்து உள்ளே பரவிக் கூச்சத்தை உண்டாக்கியது. விளிம்பு விளைவு என்று நாம் பாடத்தில் படிப்பது இதுதான். லியோவின் மேதைமை இங்கேதான் வெளிப்பட்டது. தட்டுக்குப் பின்னால் இன்னொரு வில்லையை வைத்து, முதல் வில்லையின் பிம்பத்தையே உருவாக்கினார். விளிம்பிலிருந்து வந்த ஒளி அந்தப் பிம்பத்தின் ஓரத்தில் வளையமாகத் திரண்டது. சற்றே சிறிய துளையுள்ள தடுப்பை அங்கு வைத்தார். வளையம் தடைபட்டது, கொரோனாவின் ஒளி துளை வழியே சென்றது. லியோ தடுப்பு என்று இன்றும் அதனை அழைக்கின்றனர்.

1930இல் கிரகணமற்ற பகலில் கொரோனாவின் ஒளியைப் பிரித்தறிந்தார். மறு ஆண்டு அதனைப் படமும் பிடித்தார். கருவி கொரோனாகிராஃப் எனப் பெயர் பெற்றது. பின்னர் ஒரே ஒரு நிற ஒளியை மட்டும் விடும் வடிகட்டியையும் கண்டுபிடித்து, சூரியச் சுடர்கள் எழுந்து விழுவதைத் திரைப்படமாக எடுத்தார். 1939இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. அதே ஆண்டு இங்கிலாந்தின் அரச வானியல் கழகம் தங்கப் பதக்கம் வழங்கியது.

இறுதிப் பயணம்

கொரோனாவின் மிக வெளிப்புறப் பகுதியைக் காண்பதற்கு அக்கருவியாலும் இயலவில்லை. அதற்குக் கிரகணமே வேண்டியிருந்தது. எனவே 1952 பிப்ரவரி 25ஆம் நாள் நிகழ்ந்த முழுக் கிரகணத்தைக் காண லியோ சூடான் நாட்டின் கார்ட்டூம் நகருக்குச் சென்றார். பணி முடித்துத் திரும்பும் வழியில், ஏப்ரல் 2ஆம் நாள், கெய்ரோவுக்கு அருகே ரயிலில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 55. கிரகணத்திற்காகக் காத்திருக்கும் நிலையை மாற்றியவர், ஒரு கிரகணத்தைக் கண்டு திரும்பும் வழியிலேயே உயிர் நீத்தார்.

அவர் மறைந்தபோது நம் சூரியனைத் தவிர வேறு விண்மீனைச் சுற்றும் கோள் ஒன்றுகூட உறுதியாக அறியப்படவில்லை.

விதைத்தவர் காணாத அறுவடை

1984இல் பீட்டா பிக்டோரிஸ் விண்மீனின் ஒளியைக் கொரோனாகிராஃப் கொண்டு மறைத்தபோது, அதைச் சுற்றிப் பெரும் தூசித் தட்டு தெரிந்தது. கோள்கள் இத்தகைய தட்டுகளில்தான் பிறக்கின்றன. 2015இல், சிலி நாட்டிலுள்ள ஜெமினி தொலைநோக்கி 51 எரிடானி எனும் விண்மீனின் கோளைப் படம் பிடித்த செய்தி வெளியாயிற்று. காற்றின் நடுக்கத்தைச் சரிசெய்யும் வளையும் ஆடியும், லியோ முறையின் மேம்பட்ட வடிவமும் அதில் சேர்ந்து உழைத்தன. 2025இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி டி.டபிள்யூ.ஏ. 7 என்ற இளம் விண்மீனின் அருகே, சனிக்கோளின் நிறையை ஒத்த ஓர் உலகின் ஒளியைப் பதிவு செய்தது. அந்த ஆய்வுக் குழுவிற்குத் தலைமை தாங்கியவர் பாரிஸ் வானாய்வக அறிஞர். லியோ பணியாற்றிய மெதோனும் அந்த வானாய்வகத்தின் ஒரு பகுதிதான்.

தடுமாற்றங்களும் இல்லாமலில்லை. ஃபோமல்ஹாட் விண்மீனின் அருகே கோள் ஒன்று தெரிவதாக 2008இல் அறிவிக்கப்பட்டது. அது விரிந்து கலையும் தூசி மேகமாகவே இருக்கக்கூடும் என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. கூச்சத்தை நீக்கிய பிறகும் கண்ணில் படுவது எது என்று ஐயுற்று ஆராய வேண்டியிருக்கிறது.

ஆய்வேடு எழுதும் நம் மாணவர்கள் பலர், தேடுவது கிடைக்கவில்லையே என்று சோர்வதுண்டு. லியோ முதலில் தேடியது தடைகளை. அவற்றை ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொன்றாக நீக்கினார். பீக் து மிதி மலையில் இன்று இரண்டு மீட்டர் தொலைநோக்கி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் அறிந்திராத உலகங்களைத் தேடும் கருவிகளுக்குள்ளும் அந்தச் சிறு வளையத் தடுப்பு அமைதியாகப் பணிசெய்துகொண்டிருக்கிறது.