பொந்தியு பிலாத்து

பொந்தியு பிலாத்து என்பவர் கி.பி. 26 முதல் 36 வரை உரோமைப் பேரரசின் யூதேயா மாகாணத்தை ஆண்ட ஆளுநர் ஆவார். இயேசுவுக்குச் சிலுவைச் சாவுத் தீர்ப்பு அளித்தவர் என்பதால் உலகெங்கும் அறியப்படுகிறார். கிறித்தவர்களின் நம்பிக்கை அறிக்கையில் இயேசுவைத் தவிரப் பெயர் குறிக்கப்படும் மனிதர் இருவரே. ஒருவர் மரியா, மற்றவர் இவர்.

ஆளுநர் பணி

இவரது பிறப்பு, இளமை பற்றி நம்பத்தக்க சான்றுகள் இல்லை. பேரரசர் திபேரியுவின் காலத்தில் யூதேயாவுக்கு அனுப்பப்பட்டார். கடற்கரை நகரான செசரியாவில் வசித்த இவர், திருவிழாக் காலங்களில் எருசலேமுக்கு வருவதுண்டு. பேரரசரின் உருவம் பொறித்த படைக்கொடிகளை இரவோடு இரவாக எருசலேமுக்குள் கொண்டுவரச் செய்தார் எனவும், யூதர்கள் உயிரையும் கொடுக்க முன்வந்த பின்னரே அவற்றை அகற்றினார் எனவும் வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். கோவில் நிதியை எடுத்து நீர்க்கால்வாய் அமைத்தபோது எழுந்த எதிர்ப்பை, மாற்றுடையில் கூட்டத்தினுள் நிறுத்திய வீரர்களைக் கொண்டு தடியால் அடக்கினார். அலெக்சாந்திரியாவின் பிலோவும் இவரைக் கொடியவராகவே காட்டுகிறார்.

1961 இல் செசரியாவின் பண்டைய அரங்கில் இவர் பெயர் பொறித்த இலத்தீன் கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. தசித்து என்னும் உரோமை வரலாற்றாசிரியர் இவரைப் 'புரோகுரேட்டர்' என்று குறிப்பிட, கல்வெட்டோ 'பிரிஃபெக்ட்' என்கிறது. இவர் காலத்துக் கல்வெட்டே இங்கு நம்பத்தக்கது.

நான்கு நற்செய்திகளில்

இயேசுவின் விசாரணையை நான்கு நற்செய்திகளும் கூறினாலும், அவை காட்டும் பிலாத்து ஒருவர் போல் இல்லை. நான்கிலும் காலத்தால் முந்தியதாகப் பெரும்பாலோர் கருதும் மாற்கு நற்செய்தி சுருக்கமானது. இயேசுவின் மௌனம் கண்டு வியக்கும் பிலாத்து, இறுதியில் கூட்டத்தை நிறைவுசெய்யத் தீர்ப்பளிக்கிறார். இயேசு இவ்வளவு விரைவில் இறந்தாரா என வியந்து நூற்றுவர் தலைவரை வினவும் செய்தி மாற்கில் மட்டுமே உள்ளது.

மனைவி கண்ட கனவும், பிலாத்து கைகழுவியதும் மத்தேயுவில் மட்டுமே உள்ளன. இன்று பலரும் பிலாத்து என்றதும் நினைவுகூரும் காட்சி மற்ற மூன்றிலும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. லூக்காவில் பிலாத்து மூன்று முறை இயேசுவிடம் குற்றம் காணவில்லை என அறிவிக்கிறார். இயேசு கலிலேயர் என்பதால் ஏரோது அந்திப்பாவிடம் அனுப்பப்படுவதும் இந்நூலில் மட்டுமே வருகிறது.

யோவான் நற்செய்தியே மிக விரிவானது. தீட்டுப்படாதிருக்கக் குற்றஞ்சாட்டியோர் வெளியே நிற்க, பிலாத்து உள்ளும் புறமுமாக நடக்கிறார். மற்ற மூன்றிலும் ஏறக்குறைய மௌனமாயிருக்கும் இயேசு, இங்கு அரசு பற்றியும் உண்மை பற்றியும் உரையாடுகிறார். மாற்கிலும் மத்தேயுவிலும் தீர்ப்புக்குப் பின் வரும் முள்முடி, இங்கு விசாரணையின் நடுவிலேயே வந்துவிடுகிறது. நேரமும் பொருந்தவில்லை: மாற்கின்படி காலை ஒன்பது மணிக்குச் சிலுவையில் அறைந்தனர், யோவானின்படி நண்பகல் அளவிலும் இயேசு பிலாத்துவின் முன் நிற்கிறார். பரபா விடுவிக்கப்படுவது நான்கிலும் உண்டு. ஆயினும் விழாவில் கைதியை விடுவிக்கும் வழக்கத்தை அக்கால வேறு நூல்கள் கூறவில்லை.

நற்செய்திகளின் தயங்கும் பிலாத்துவும் யோசேபஸின் கடும் பிலாத்துவும் எளிதில் ஒன்றுபடுவதில்லை. உரோமையரைப் பகைக்க விரும்பாத தொடக்கக் கிறித்தவர்கள் அவரது பொறுப்பைக் குறைத்துக் காட்டினர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சிலுவை உரோமையரின் தண்டனை; அதற்கு ஆணையிட்டவர் ஆளுநர். எனினும் பழி யூத இனத்தின் மீது சுமத்தப்பட்டு, நூற்றாண்டுகளாக அவர்கள் துன்புறுத்தப்பட அதுவும் ஒரு காரணமாயிற்று. அன்றைய யூதர் அனைவர் மீதோ இன்றைய யூதர் மீதோ இப்பழியைச் சுமத்தலாகாது எனக் கத்தோலிக்கத் திருச்சபை 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது.

இறுதிக் காலம்

கெரிசிம் மலையில் கூடிய சமாரியரைக் கொன்றதாக எழுந்த முறையீட்டால், சிரியாவின் ஆளுநர் வித்தேலியு இவரை உரோமைக்கு அனுப்பினார். இவர் சென்று சேருமுன் கி.பி. 37 மார்ச்சில் திபேரியு இறந்தார். பின்னாளில் இவர் தற்கொலை செய்துகொண்டதாக நான்காம் நூற்றாண்டில் யூசேபியு எழுதினார். எத்தியோப்பியத் திருச்சபையோ இவரைப் புனிதராகப் போற்றுகிறது.