கணவர் மறைந்ததும் மேடையை விட்டவர் நந்தன் வேடத்தில் திரும்பி வந்தார்: கே.பி.சுந்தராம்பாள் கதை

சிதம்பரம்:
ஓமக்குளம் பக்கம் போகிறவர்களுக்கு நந்தனார் கதையை சொல்லித்தர வேண்டியதில்லை. கொள்ளிடக்கரை ஆதனூரில் கூலி வேலை பார்த்தவர், நாளைக்கு போவேன் நாளைக்கு போவேன் என்று தில்லைக்கு ஏங்கியவர். அந்த நந்தன் வேடத்தை கட்டி தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவர் ஒரு பெண். அவர்தான் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள்.

1908-ல் கொடுமுடியில் பிறந்தார். வீட்டில் கடும் வறுமை. சின்ன வயதில் ரெயிலில் பாடி காசு வாங்கிய பெண் அவர். அந்த குரல்தான் வேலு நாயர் நாடக கம்பெனியில் இடம் வாங்கிக் கொடுத்தது. அந்த காலத்தில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு கேட்கணும். இவருக்கு கேட்டது.

கிட்டப்பா ஜோடி

இலங்கையில் நாடகம் போட போன இடத்தில் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவுடன் ஜோடி சேர்ந்தார். வள்ளி திருமணத்தில் இருவரும் போட்டி போட்டு பாடினால் விடிய விடிய கூட்டம் கலையாது. 1927-ல் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கனவே மனைவி உண்டு. மனஸ்தாபம், பிரிவு, மறுபடி சேர்வது என்று அந்த வாழ்க்கை நிம்மதியாக ஓடவில்லை. பிறந்த குழந்தையும் தங்கவில்லை.

1933 டிசம்பர் 2-ந்தேதி கிட்டப்பா இறந்தார். வயது 27 தான். சுந்தராம்பாளுக்கு 25. அன்றோடு வெள்ளை சேலை, திருநீறு. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சபதம் எடுத்தார். மேடை பக்கமே வராமல் வீட்டோடு முடங்கினார்.

ஆனால் மேடை விடவில்லை. மறு வருடமே நந்தனாராக வேடம் கட்டி பாட வந்தார். யோசித்துப் பாருங்கள், ஆண் வேடம் போட்டால் ஜோடி பிரச்சினையே இல்லையே! சபதமும் நின்றது, பாட்டும் நின்றது.

ஒரு லட்சம் சம்பளம்

இதை படமாக எடுக்க அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் வந்தார். சினிமாவே வேண்டாம் என்று சுந்தராம்பாள் மறுத்தார். ஆள் விடுவதாக இல்லை. தட்டிக்கழிக்க ஒரு லட்சம் ரூபாய் கேட்டார். ஒரு பவுன் 30 ரூபாய்க்குள் விற்ற காலம் அது. சரி என்று சொல்லிவிட்டார் அசன்தாஸ்! வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத அய்யர். 1935-ல் வந்த படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. எருமைமாடு நன்றாக நடித்திருக்கிறது என்கிற அளவுக்கு பத்திரிகையில் கிண்டல் வந்தது. 1942-ல் ஜெமினி எடுத்த நந்தனாரில் நடித்த தண்டபாணி தேசிகர், பின்னாளில் நம்ம அண்ணாமலை பல்கலைக்கழக இசைத்துறையில் பணியாற்றியவர்.

சுந்தராம்பாள் அதன்பிறகு கச்சேரி மேடை, காங்கிரஸ் பிரசார மேடை என்று பாடினார். 1951-ல் சட்ட மேலவை உறுப்பினரானார். 1953-ல் ஜெமினியின் அவ்வையார். அதே அவ்வை வேடத்தை நாடகத்தில் கட்டியவர் டி.கே.சண்முகம் என்ற ஆண். இங்கே பெண் நந்தனாக, அங்கே ஆண் அவ்வையாக. நாடக உலகம் அப்படித்தான் இருந்தது.

பூம்புகார், திருவிளையாடல் படங்களில் அவரை பார்த்தவர்கள் இன்றும் ஊரில் உண்டு. துணைவன் படத்துக்கு 1969-ம் ஆண்டின் சிறந்த பின்னணி பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. 1980-ல் காலமானார். சபதம் எடுத்த பிறகு 46 வருடத்துக்கு மேல் அந்த வெள்ளை சேலையை அவர் மாற்றவில்லை.