அடிபட்ட கவிஞர், அயல்நாட்டில் எழுதிய கடிதங்கள்
வால்டேரின் வாழ்வில் ஒரு பக்கம்

1726-ம் ஆண்டு. பாரிஸ் நகரில், ஒரு பிரபுவின் மாளிகையில் விருந்து நடந்து கொண்டிருந்தது. விருந்தாளிகளில் ஒருவர் வால்டேர். வயது 31. நாடகம் எழுதிப் புகழ் பெற்றவர்.

யாரோ வெளியே அழைப்பதாகச் செய்தி வந்தது. எழுந்து போனார். வாசலில் காத்திருந்த வேலையாட்கள் அவரைத் தடியால் அடித்தார்கள். அவர்களுடைய எஜமானன் ரோகான், வண்டியில் இருந்தபடியே வேடிக்கை பார்த்தான்.

ரோகான் பெரிய குலத்தில் பிறந்தவன். சில நாட்களுக்கு முன் வால்டேரின் பெயரைக் கேலி செய்து, சுடச் சுடப் பதில் வாங்கிக் கட்டிக் கொண்டவன்.

அடிபட்டவருக்குச் சிறை!

வால்டேர் பட்டமோ, குலப் பெருமையோ இல்லாதவர். விருந்தில் இருந்த பெரிய மனிதர்கள் ஒருவரும் அவருக்காகப் பரிந்து பேசவில்லை. மானம் போயிற்றே என்று அவர் குமுறினார். வாட்போர் பழகினார்.

ரோகானின் குடும்பத்தார் முந்திக் கொண்டார்கள். அடித்தவன் வெளியே, அடிபட்டவர் பாஸ்டில் சிறைக்குள்! இங்கிலாந்துக்குப் போக வால்டேர் சம்மதித்த பிறகே விடுதலை கிடைத்தது.

லண்டனில்

அயல்நாடு, அயல் மொழி. நம்பி வந்த பணமும் கைக்கு வரவில்லை. பணம் தர வேண்டியவர் திவாலாகி விட்டார். பாக்னர் என்ற வியாபாரி வால்டேருக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்தார்.

வால்டேர் சோர்ந்து விடவில்லை. தினமும் நாடகக் கொட்டகைக்குப் போவார். நாடகப் புத்தகத்தைக் கையில் வைத்துக் கொண்டு, நடிகர்கள் பேசுவதைக் கவனிப்பார். இப்படியே ஆங்கிலம் கற்றார். விரைவில் அந்த மொழியிலேயே கடிதமும் எழுதினார்.

1727-ல் விஞ்ஞானி நியூட்டன் இறந்தார். அரசர்கள் உறங்கும் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அறிவுக்கு இவ்வளவு மரியாதையா என்று வால்டேர் வியந்தார். சொந்த நாட்டில் தமக்குக் கிடைத்த மரியாதை அவருக்கு மறக்குமா?

கிடைத்தது புதையல்

அந்த நாட்களைப் பற்றி அதிகம் தெரியாமல் இருந்தது. 2012-ல் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் நிக்கோலஸ் கிராங்க், வால்டேரின் 14 கடிதங்களைக் கண்டுபிடித்தார். அவை கடல் கடந்து அமெரிக்க நூல் நிலையங்களில் கிடந்தன!

இங்கிலாந்து அரச குடும்பத்தின் 200 பவுன் உதவி வால்டேருக்குக் கிடைத்ததை ஒரு கடிதம் காட்டுகிறது. அதில் தம் பெயரைக் கூட ஆங்கிலேயரைப் போல் பிரான்சிஸ் என்று எழுதியிருக்கிறார்! தாய்நாடு தள்ளிய மனிதர், வந்த நாட்டில் காலூன்ற எவ்வளவு பாடுபட்டார் என்பதற்கு அந்த ஒரு கையெழுத்தே சாட்சி.

பழியும் பரிகாரமும்

1728-ன் இறுதியில் வால்டேர் நாடு திரும்பினார். இங்கிலாந்தில் கண்ட சுதந்திரத்தைப் புத்தகமாக எழுதினார். 1734-ல் பாரிஸில் அதை நெருப்பிலிட்டார்கள். மீண்டும் தலைமறைவு வாழ்வு!

ரோகானை அவர் பழி வாங்கவில்லை. ஆனால் அநியாயத்தை விடவில்லை. 1762-ல் ழான் காலா என்ற வியாபாரி, சொந்த மகனைக் கொன்றதாகப் பொய்ப்பழி சுமத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். வால்டேர் பேனாவை எடுத்தார். நாலா பக்கமும் கடிதங்கள் பறந்தன. 1765-ல் காலா குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது.

28 ஆண்டுப் பிரிவுக்குப் பின், 1778-ல் வால்டேர் பாரிஸ் திரும்பினார். மக்கள் திரண்டு வரவேற்றார்கள். அதே ஆண்டு மே 30-ந் தேதி காலமானார்.

தடியால் அடித்தவனின் பெயர், அடிபட்டவரின் வரலாற்றில்தான் இன்று மிஞ்சி நிற்கிறது!