குக்கருக்குப் பின்னால் ஒரு டாக்டர்

தினமும் காலையில் நம் வீடுகளில் விசில் அடிக்கும் குக்கருக்கு முதல் வடிவம் கொடுத்தவர் யார் தெரியுமா? டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர்.

1647-இல் புளுவா நகருக்கு அருகே பிறந்தார். படித்தது மருத்துவம், மனம் போனது இயந்திரங்களில். பாரிஸில் ஹைகன்ஸிடமும் லண்டனில் ராபர்ட் பாயிலிடமும் உதவியாளராக இருந்தார். 1679-இல், மூடியை இறுக முடுக்கிய ஒரு பாத்திரத்தை லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டினார். கெட்டியான எலும்புகூட அதில் மெத்தென்று வெந்தது.

அடைபட்ட நீராவி பாத்திரத்தையே வெடிக்கச் செய்துவிடுமே? அதற்காக மூடியில் துளையிட்டு, அதை எடை தொங்கும் நெம்புகோலால் அழுத்தி வைத்தார். அழுத்தம் அளவு மீறினால் நீராவி அதைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். இன்றைய சேஃப்டி வால்வுக்கு மூதாதை அதுதான்.

1690-இல் நீராவியால் பிஸ்டனை இயக்கலாம் என்றும் எழுதினார். புராட்டஸ்டன்ட் என்பதால் தாய்நாடு திரும்ப வழியில்லை. சுமார் 1713-இல் லண்டனில் வறுமையில் மறைந்தார்.

அவருக்கு நாம் செய்யும் மரியாதை இதுதான். விசில் வராவிட்டால் அடுப்பை அணையுங்கள். ஆறியபின் திறந்து, விசில் துளையில் பருக்கை அடைத்திருக்கிறதா பாருங்கள். கேஸ்கட் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். சேஃப்டி வால்வு போனால் அதே கம்பெனி வால்வையே போடுங்கள். எதையாவது வைத்து அடைக்காதீர்கள். பம்ப் அறை பிரஷர் ஸ்விட்சுக்கும் இதே விதிதான். பழுதானால் மாற்றுவோம், அதைத் தவிர்த்து நேரடியாக ஒயர் கொடுத்து மோட்டாரை ஓட்ட வேண்டாம்.