அட்டை ராக்கெட்டும் காது கேளாத வாத்தியாரும்



அறிவியல் கண்காட்சிக்கு நாங்கள் நாலு பேர் சேர்ந்து சார்ட் அட்டையில் குட்டி ராக்கெட் செய்தோம். அட்டையைக் குழாயாகச் சுருட்டி ஒட்டினால் உடம்பு. வட்டமாக வெட்டி, ஒரு பக்கம் கத்தரித்து மடித்தால் மூக்குக் கூம்பு. கீழே மூணு இறக்கை. கையால் வீசினால் முதலில் குட்டிக்கரணம் போட்டு விழுந்தது. மூக்குக்குள்ளே கொஞ்சம் களிமண் வைத்ததும் நேராகப் போனது! அதைப் பார்த்துச் சில பேர், ஒன்பதாவது படிக்கிற பிள்ளைங்க இன்னும் காகிதத்தில் விளையாடுறாங்கன்னு கேலி செய்தார்கள். எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்புறம்தான் ஒரு பெரியவரின் வாழ்க்கையைப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி. ரஷ்ய நாட்டில் இஷெவ்ஸ்கோயே என்ற கிராமத்தில் 1857-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் பிறந்தார். அப்பா வனத்துறையில் வேலை பார்த்தார். வீட்டில் பிள்ளைகள் நிறைய, பணம் கொஞ்சம். சின்ன வயதில் அவர் அம்மா ஹைட்ரஜன் நிரப்பிய சின்ன பலூன் ஒன்றைக் கொடுத்தார். அதை நூலில் கட்டி விளையாடுவது அவருக்கு அவ்வளவு பிடிக்கும்.

சுமார் பத்து வயதில் ஸ்கார்லெட் காய்ச்சல் என்ற தொற்றுநோய் வந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் காது கேட்கும் சக்தி பெரும்பாலும் போய்விட்டது. சில வருடங்களில் அம்மாவும் இறந்துவிட்டார். வகுப்பில் ஆசிரியர் சொல்வது கேட்கவில்லை. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. யோசித்துப் பாருங்க, ஏறக்குறைய நம்ம வயசு அப்போ அவருக்கு!

கூட விளையாட ஆள் இல்லாத அந்தப் பையன் கையில் எடுத்தது என்ன தெரியுமா? காகிதமும் அட்டையும்தான். குட்டி வீடு, பனிச்சறுக்கு வண்டி, எடைக்கல் தொங்கும் கடிகாரம் எல்லாம் அட்டையில் செய்தார். ஒட்டுவதற்கு அரக்கு. அப்பாவின் புத்தகங்களை எடுத்துத் தானாகவே கணக்கும் அறிவியலும் படித்தார்.

16 வயதில் மாஸ்கோ நகரத்துக்குப் போனார். எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை. பொது நூலகத்தில் உட்கார்ந்து மூணு வருஷம் படித்தார். அப்பா அனுப்பிய பணம் புத்தகத்துக்கும் வேதிப்பொருளுக்கும் போய்விடும். சாப்பாடு வெறும் கறுப்பு ரொட்டியும் தண்ணீரும். பிறகு தேர்வு எழுதி ஆசிரியர் ஆனார். 1880-ல் போரோவ்ஸ்க் என்ற சின்ன ஊரில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. காகிதத்தில் பலூன் ஒட்டி, சூடான காற்றை நிரப்பி மாணவர்களுக்குப் பறக்கவிட்டுக் காட்டுவார். காது கேட்பதற்காகத் தகரத்தில் புனல் மாதிரி ஒரு குழாய் செய்து காதில் வைத்துக்கொள்வார்.

1887-ல் அவர் வீடு தீப்பிடித்தது. எழுதி வைத்ததும் செய்து வைத்த மாதிரிகளும் எரிந்து போயின. அவர் விடவில்லை. 1892-ல் கலூகா நகரத்துக்கு மாற்றலாகிப் போனார். பின்னால் அங்கே பெண்கள் பள்ளியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்தார். 1897-ல் வீட்டிலேயே காற்றை வேகமாக வீசும் ஒரு கருவி செய்தார். காகிதத்தில் பல வடிவங்கள் செய்து அந்தக் காற்றுக்கு எதிரே வைத்து, எந்த வடிவத்தைக் காற்று எவ்வளவு தள்ளுகிறது என்று அளந்தார். இதைத் தொடர அறிவியல் கழகம் 470 ரூபிள் உதவி செய்தது. பார்த்தீங்களா, காகிதம் அவருக்கு விளையாட்டுச் சாமான் இல்லை, சோதனைக் கருவி!

இவர் கண்டுபிடித்ததில் பெரியது ராக்கெட் சமன்பாடு. ஊதிய பலூனைக் கட்டாமல் விட்டால் காற்று பின்னால் போகும், பலூன் முன்னால் ஓடும். ராக்கெட்டும் அப்படித்தான். வாயு எவ்வளவு வேகமாக வெளியே பாய்கிறது, எரிபொருளோடு ராக்கெட்டின் நிறை எவ்வளவு, எரிந்து முடிந்தபின் நிறை எவ்வளவு, இந்த மூணும் தெரிந்தால் ராக்கெட் அடையும் வேகத்தைக் கணக்கிடலாம் என்று காட்டினார். எரிபொருளை இரண்டு மடங்கு ஆக்கினால் வேகம் இரண்டு மடங்கு ஆகிவிடாது. ஏன்னா கூடுதல் எரிபொருளையும் ராக்கெட்டேதான் சுமக்கணும். இது 1903-ல் ஒரு பத்திரிகையில் வந்தது. திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் எரிபொருளாகப் பயன்படுத்தலாம் என்றும் அதில் எழுதினார். ஆனால் அன்றைக்கு அதைக் கவனித்தவர்கள் ரொம்பக் குறைவு. 1908-ல் ஓகா ஆற்று வெள்ளம் வீட்டுக்குள்ளே புகுந்தது. அப்போதும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. கட்டுரையின் அடுத்த பகுதி 1911-ல்தான் வெளிவந்தது. ராக்கெட்டுகளை ரயில் பெட்டிகள் மாதிரி இணைத்து, எரிந்து முடிந்ததைக் கழற்றி விட்டுக்கொண்டே போகலாம் என்று 1929-ல் விளக்கினார். இன்றைய பல அடுக்கு ராக்கெட்டுகள் இப்படித்தான் போகின்றன.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். சியோல்கோவ்ஸ்கி ஒரு நிஜ ராக்கெட்டைக்கூட விண்ணில் ஏவியதில்லை. திரவ எரிபொருளில் முதல் ராக்கெட்டை 1926-ல் பறக்க விட்டவர் அமெரிக்காவின் கோடார்டு. அப்படின்னா இவர் உழைப்பு வீணா? இல்லை. 1923-ல் ஒடெஸா நகரத்திலிருந்து 15 வயதுப் பையன் ஒருவன் இவருக்குக் கடிதம் எழுதி, புத்தகங்கள் கேட்டான். 66 வயதான அந்த வாத்தியார் அவனைச் சின்னப் பையன்தானேன்னு ஒதுக்கவில்லை. பதில் எழுதினார், புத்தகங்களும் அனுப்பினார். அந்தப் பையன்தான் வாலன்டின் குளுஷ்கோ. 1957-ல் ஸ்புட்னிக்கையும், 1961-ல் யூரி ககாரினையும் விண்ணுக்குக் கொண்டுபோன ராக்கெட்டின் முக்கிய எஞ்சின்கள் அவர் தலைமையில் உருவானவை!

அதையெல்லாம் பார்க்கச் சியோல்கோவ்ஸ்கி உயிரோடு இல்லை. 1935 செப்டம்பர் 19-ல் கலூகாவில் இறந்தார். அங்கே அவர் பெயரில் விண்வெளி அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்கு 1961-ல் அடிக்கல் வைத்தவர் ககாரின். நிலாவின் மறுபக்கத்தில் ஒரு பெரிய பள்ளத்துக்கும் இவர் பெயர்தான்.

தோழிகளே, தோழர்களே! எங்கள் ராக்கெட்டில் களிமண்ணை எவ்வளவு வைத்தால் ரொம்ப தூரம் போகும் என்று இப்போது ஒவ்வொரு தடவையும் அளந்து நோட்டில் எழுதுகிறோம். கேலி செய்தவர்களும் வரலாம். அட்டை மிச்சம் இருக்கு, பசையும் இருக்கு. அளப்பதற்குத்தான் ஆள் வேணும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி